புக்கெட் தீவில் ஒரு வாடகை வீடு: ஜோசப் ஹன்டர் கைது, ஒரு நிகழ்வு ஆய்வு

2013 செப்டம்பர் 25 அன்று, தாய்லாந்தின் புக்கெட் தீவில் தங்கியிருந்த ஜோசப் மானுவல் ஹன்டர் என்ற அமெரிக்கரைத் தாய்லாந்துக் காவல்துறையினர் கைது செய்தனர். அதே நாளில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் இரண்டு பேரும், பால்டிக் கடலோரத்து எஸ்டோனியாவில் இரண்டு பேரும் பிடிபட்டனர். ஐவரும் முன்னாள் படைவீரர்கள். இருவர் அமெரிக்கர், இருவர் ஜெர்மானியர், ஒருவர் போலந்துக்காரர். ஒரு போதைப்பொருள் கடத்தல் கும்பலுக்குக் காவலாகவும், கேட்டால் கொலைக் கருவியாகவும் வேலை செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்பது அவர்கள்மீது நியூயார்க் தெற்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா சுமத்திய குற்றச்சாட்டின் சாரம்.

சுற்றுலாத் தீவுகளில் வெளிநாட்டுக் குற்றவாளிகள் பிடிபடுவது புதிய செய்தி அல்ல. பெரும்பாலும் அது ஒரே மாதிரிதான் நடக்கும். எங்கோ ஒரு நாட்டில் பிடியாணை இருக்கும். இன்டர்போலின் சிவப்பு அறிவிக்கை இருக்கும். ஆள் ஏதோ ஒரு விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டும்போது கணினித் திரை அவரைக் காட்டிக் கொடுக்கும். 2016 முதல் இத்தாலியில் தேடப்பட்டவரும், மாஃபியாத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவருமான ஒருவர் 2023 பிப்ரவரியில் பாலித் தீவின் விமான நிலையத்தில் சிக்கியது இப்படித்தான். புக்கெட் வழக்கை அந்த வரிசையில் வைக்க முடியாது. ஹன்டர் மறைவாக வாழ்ந்தாரே தவிர, தன்னை ஒரு நாடு தேடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவரைத் தீவில் யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அவர் என்ன செய்கிறார், யாரைச் சந்திக்கிறார், அடுத்த வாரம் எங்கே பறக்கிறார் என்பதெல்லாம் அவரைப் பிடிக்கக் காத்திருந்தவர்களுக்கு மாதக்கணக்காக முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஏனென்றால் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்ததே அவர்கள்தான்.

முதலாளி

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள, தீவைவிட்டுக் கொஞ்சம் விலகி, பால் கால்டர் லெ ரூ என்பவரிடம் போக வேண்டும். 1972இல் அன்றைய ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) புலவாயோ நகரில் பிறந்த லெ ரூ, கணினி நிரலாளராகத் தொடங்கியவர். கணினி வட்டை மறையாக்கம் செய்யும் மென்பொருள் ஒன்றை 1999இல் எழுதி இலவசமாக வெளியிட்டார். பிற்காலத்தில் உலகெங்கும் பயன்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளுக்கு அதுவே அடித்தளம். பிறகு அவர் இணையவழி மருந்து விற்பனைக்கு மாறினார். அமெரிக்க நோயாளிகள் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். அவர்களை நேரில் பார்க்காத மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவார், எங்கோ ஒரு சிறிய மருந்துக்கடை வலிநிவாரணி மாத்திரைகளை அனுப்பும். அதில் குவிந்த பணம்தான் மணிலாவை மையமாகக் கொண்ட ஒரு பெரும் குற்ற வலைக்கு முதலீடானது. ஆயுதக் கடத்தல், தங்கம், சோமாலியாவில் ஆயுதக் காவலர் படை, கோகெய்ன், மெத்தம்பெட்டமைன் என்று அது கிளைவிட்டது. 2009 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் பட்டான் கடற்பகுதியில், இந்தோனேசியத் துப்பாக்கிகளுடன் பிடிபட்ட ‘கேப்டன் உஃபுக்’ என்ற கப்பலும் அவருடைய தொழிலோடு தொடர்புடையதே.

ஹன்டர் இந்த நிறுவனத்தின் கூலிப்படைப் பொறுப்பாளர். கெண்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோவைச் சேர்ந்த அவர் 1983 முதல் 2004 வரை அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஓய்வு பெற்ற பின் தனியார் பாதுகாப்பு வேலைகளுக்குப் போய், அங்கிருந்து லெ ரூவிடம் வந்து சேர்ந்தார். ‘ராம்போ’ என்பது அவருடைய புனைபெயர். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் லெ ரூவின் கோபத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பின்னாளில் தண்டனை விசாரணையின்போது, முதலாளியிடம் இருந்த அச்சத்தால்தான் வேலையைவிட்டு விலகவில்லை என்று ஹன்டர் தரப்பு வாதாடியதற்கு இதுவே பின்னணி.

2012 செப்டம்பர் 26 அன்று லெ ரூ லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் கைதானார். கொலம்பியக் கடத்தல் குழு ஒன்றுடன் மெத்தம்பெட்டமைன் வியாபாரம் பேசப் போவதாக நம்பி அவர் அங்கே சென்றிருந்தார். கொலம்பியர்களாக வந்தவர்கள் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையான டி.இ.ஏ.வின் ஆட்கள். லைபீரியா அவரை நாட்டைவிட்டு வெளியேற்றி அமெரிக்கர்களிடம் கொடுத்தது. நியூயார்க்குக்குப் பறந்த விமானத்திலேயே ஒத்துழைக்கச் சம்மதித்துவிட்டார். நம் வழக்குமன்ற மொழியில் சொன்னால், அப்ரூவர் ஆனார்.

கைது வெளியே கசியவில்லை. லெ ரூ சிலகாலமாகப் பிரேசிலில் இருந்துகொண்டு மின்னஞ்சல், தொலைபேசி வழியாகவே தொழிலை நடத்தியவர் என்பதால், அவர் கண்ணில் படாதது யாருக்கும் உறுத்தவில்லை. சிறையிலிருந்து, அதிகாரிகளின் கண்காணிப்பில், அவர் பழையபடியே ஆட்களுக்குக் கட்டளைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஹன்டர் புக்கெட்டில் பிடிபட்ட நாளை எண்ணிப் பார்த்தால், முதலாளி கைதாகி ஓராண்டு நிறைய ஒரே நாள் பாக்கி. அந்த ஓராண்டும் ஹன்டருக்கு வந்த உத்தரவுகள் எல்லாம் டி.இ.ஏ. அறிந்து வந்தவை.

தீவு

புக்கெட் தாய்லாந்தின் மிகப் பெரிய தீவு. பரப்பு சுமார் 543 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். 1967இல் திறக்கப்பட்ட சராசின் பாலம் அதை நிலப்பகுதியோடு இணைத்தது. வெள்ளீயம் சரிந்தபோது கடற்கரை கைகொடுத்தது. வெளிநாடுகளிலிருந்து நேரடி விமானங்கள், அந்தமான் கடலில் உலாவும் பாய்மரப் படகுகள், மாத வாடகைக்குக் கிடைக்கும் தோட்ட வீடுகள், குளிர்நாடுகளிலிருந்து வந்து பருவம் முழுக்கத் தங்கும் ஓய்வூதியர்கள் என்று அமைந்த ஊரில், கைநிறையப் பணத்தோடு ஒரு வெள்ளைக்காரர் வீடு எடுத்துத் தங்குவது யாருடைய பேச்சுக்கும் பொருளாகாது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த விதி ஆளின் பெயரைப் பதியச் சொல்கிறதே தவிர, அவர் என்ன தொழில் செய்கிறார் என்று விசாரிக்கச் சொல்லவில்லை.

தலைமறைவாக வாழ்பவருக்கு இத்தகைய தீவு ஏன் வசதி என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே வசதிகள் பிடிக்க வருபவருக்கும் அப்படியே பயன்படுகின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த வழக்கு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வர வேண்டுமா? சுற்றுலாப் பயணிகளாக வரலாம். கொலம்பியக் கடத்தல்காரர்களாக நடிப்பவர்கள் வர வேண்டுமா? அவர்களும் சுற்றுலாப் பயணிகளாகவே வரலாம். விடுமுறைக்கு வந்தவர்கள்போல் எல்லாரும் ஒரு வீட்டில் கூடிப் பேசுவதை அக்கம்பக்கம் கவனிக்காது. சந்தேகப்படும் குணமுள்ள ஓர் ஆளைக் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்கோ நியூயார்க்குக்கோ வரச் சொன்னால் வர மாட்டார். புக்கெட்டுக்கு வரச் சொன்னால் நீச்சல் உடையையும் எடுத்து வைத்துக்கொண்டு வருவார்.

2013இன் தொடக்கத்தில் லெ ரூவின் பெயரில் ஹன்டருக்கு ஒரு கட்டளை போனது. கொலம்பியக் கூட்டாளிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஒரு குழு வேண்டும், படைப்பயிற்சி பெற்றவர்களாகத் தேர்ந்தெடு என்பது அதன் பொருள். ஹன்டர் விண்ணப்பதாரர்களின் தன்விவரக் குறிப்புகளை மின்னஞ்சலில் வாங்கி முதலாளிக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டார். எந்தப் படைப்பிரிவு, எத்தனை ஆண்டு, என்ன பயிற்சி என்று வரிசையாக எழுதப்பட்ட அந்தத் தாள்கள், ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புக் கோப்புக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. தேர்வுக் குழுவாக இருந்து அவற்றைப் படித்தவர்கள் அமெரிக்கப் புலனாய்வு அதிகாரிகள் என்பது மட்டும்தான் வேறுபாடு.

மார்ச் மாதத்தில் குழு தாய்லாந்தில் கூடியது. ஹன்டர் தன் ஆட்களிடம் வேலையின் தன்மையை விளக்கினார்: டன் கணக்கில் கோகெய்னையும் கோடிக்கணக்கில் பணத்தையும் பார்க்கப் போகிறீர்கள், அதிகச் சம்பளத்துக்குக் கொலை வேலைகளும் உண்டு. இப்படிப்பட்ட கொலைகளுக்கு அவர் ‘போனஸ் வேலை’ என்று பெயர் வைத்திருந்தார். முன்பு தன் பொறுப்பில் நடந்த கொலைகளைப் பற்றியும், எந்தத் துப்பாக்கி எதற்கு உதவும், ஆளை எப்படி வரவழைப்பது என்பது பற்றியும், புதிய ஊழியர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் மேலாளரின் நிதானத்தோடு பேசினார். அந்தப் பேச்சுகள் ஒலியும் ஒளியுமாகப் பதிவாகிக்கொண்டிருந்தன.

அதன்பின் குழு மொரிஷியஸில் கண்காணிப்பு வேலை செய்தது. ஜூன் மாதத்தில் பஹாமாஸுக்குப் போய், 300 கிலோ கோகெய்னை நியூயார்க்குக்கு ஏற்றிச் செல்வதாகச் சொல்லப்பட்ட ஒரு விமானத்துக்குக் காவல் பார்த்தது. புக்கெட், மொரிஷியஸ், பஹாமாஸ் என்று மூன்று கடல்களில் மூன்று விடுமுறைத் தீவுகள். கடத்தல்காரர்களின் வரைபடமும் சுற்றுலா நிறுவனங்களின் வரைபடமும் இவ்வளவு பொருந்திப்போவது தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

மே மாதத்தில் ‘போனஸ் வேலை’யும் வந்தது. கொலம்பியர்களின் ரகசியங்களை வெளியிட்டுவரும் ஒரு தகவலாளியையும், அவரைக் கையாளும் டி.இ.ஏ. அதிகாரியையும் லைபீரியாவில் வைத்துக் கொல்ல வேண்டும். கொலையைச் செய்து முடிப்பவர்களுக்கு ஏறத்தாழ 7 லட்சம் டாலர். முன்னின்று நடத்தும் ஹன்டருக்குத் தனியாக 1 லட்சம் டாலர். ஹன்டர் ஒப்புக்கொண்டு திமோத்தி வாம்வாக்கியாஸ், டென்னிஸ் கோகல் ஆகிய இருவரை அதற்கு ஒதுக்கினார். ஒலியடக்கி பொருத்திய சிறு துப்பாக்கிகள் வேண்டும், இயந்திரத் துப்பாக்கிகள் வேண்டும் என்று பட்டியல் போனது. அடையாளம் தெரியாமலிருக்க, சினிமாவில் பயன்படுத்துவதுபோல் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் முகமூடிகளை அணிவது பற்றியும் திட்டமிட்டனர். கொல்லப்பட வேண்டியதாகச் சொல்லப்பட்ட அந்த இருவரும் கற்பனை மனிதர்கள். வாம்வாக்கியாஸும் கோகலும் அவர்களைக் கொல்வதற்காக லைபீரியாவில் வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டனர். அதே நாளில் புக்கெட்டில் ஹன்டரின் கதவு தட்டப்பட்டது.

ஏன் நியூயார்க்?

தாய்லாந்தில் பேசி, லைபீரியாவில் நடப்பதாகத் திட்டமிடப்பட்ட குற்றத்தை நியூயார்க்கில் எப்படி விசாரிக்க முடியும்? அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 21ஆம் தலைப்பில் 959ஆம் பிரிவு, அமெரிக்காவுக்குள் கடத்தப்படும் என்று தெரிந்தோ அந்த நோக்கத்தோடோ போதைப்பொருளை உற்பத்தி செய்வதையும் விநியோகிப்பதையும், அது உலகின் எந்த மூலையில் நடந்தாலும், அமெரிக்க நீதிமன்றத்தின் வரம்புக்குள் கொண்டுவருகிறது. எனவே வலை விரிப்பவர்களுக்கு ஒரு சொல் மட்டும் கட்டாயம் தேவை: சரக்கு நியூயார்க்குக்குப் போகிறது. கொலம்பியர்களாக நடித்தவர்கள் அந்த ஊரின் பெயரைப் பேச்சில் விடாமல் கொண்டுவந்தது இதனால்தான். எதிரில் இருப்பவர் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, வேலையைத் தொடர்ந்தால், சட்டத்தின் எல்லை புக்கெட் வரவேற்பறை வரை நீண்டுவிடும். கொலைச் சதியில் குறிவைக்கப்பட்டவர் அமெரிக்க அதிகாரி என்று வைத்ததும் இதே கணக்கோடுதான்.

இது நியாயமா என்ற கேள்வியை அப்படியே தாண்டிப் போக முடியாது. சரக்கும் இல்லை, கொலம்பியர்களும் இல்லை, கொல்லப்பட வேண்டியவரும் இல்லை. கதையை எழுதியது, மேடையை அமைத்தது, பணத்தை அறிவித்தது எல்லாமே அரசு. சும்மா இருந்தவரைக் குற்றத்துக்குள் இழுத்துவிட்டுப் பிடிப்பதை அமெரிக்கச் சட்டமும் ஏற்காது. அங்கே கேட்கப்படுவது, வாய்ப்பு வரும் முன்பே இவருக்கு அந்த மனப்பாங்கு இருந்ததா என்பது. ஹன்டரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு அவரே ஒளிப்பதிவில் விடை கொடுத்துவிட்டார். பழைய கொலைகளைப் பெருமையாக விவரிப்பவர் தூண்டிலுக்குப் புதியவர் என்று யாரும் சொல்ல முடியாது. குழுவின் இளைய உறுப்பினர்கள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. வேலையில்லாமல் இருந்த ஒரு முன்னாள் படைவீரரின் முன்னால் அவ்வளவு பெரிய தொகையை வைத்த கை அரசின் கை என்பது தண்டனையை எடைபோடும்போதாவது நினைவில் இருக்க வேண்டும். இருந்தாலும் முகமூடியைத் திட்டமிட்டு விமானம் ஏறியவர்கள் அவர்கள்தான்.

மூன்று நாளும் இரண்டரை ஆண்டும்

கைது முடிந்த மூன்றாம் நாள், செப்டம்பர் 28 அன்று, ஹன்டர் நியூயார்க்கில் இருந்தார். இந்த வேகத்தின் பொருளை உணர, ஐந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட், ஏறத்தாழ இதே மாதிரியான பொறியில், 2008 மார்ச் 6 அன்று பாங்காக் விடுதி ஒன்றில் பிடிபட்டார். அவரை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டது, ரஷ்யா எதிர்த்தது, கீழ் நீதிமன்றம் 2009 ஆகஸ்டில் மறுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பூட் நியூயார்க்குக்கு விமானம் ஏறிய நாள் 2010 நவம்பர் 16. இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல்.

வேறுபாடு வழியில் இருக்கிறது. ஒப்பந்தப்படி ஒருவரை ஒப்படைப்பது என்றால் நீதிமன்ற விசாரணை, சான்று, மேல்முறையீடு எல்லாம் உண்டு. அந்நியர் ஒருவரை வேண்டாதவர் என்று வெளியேற்றுவது குடிவரவு நிர்வாகத்தின் வேலை. அதற்கு அவ்வளவு படிகள் இல்லை. லெ ரூவை லைபீரியா அனுப்பியது இரண்டாவது வழியில்தான். புக்கெட்டிலிருந்து மூன்று நாளில் நியூயார்க் போய்ச் சேர்வதும் முழு ஒப்படைப்பு விசாரணை நடந்திருந்தால் முடியாத காரியம். ஹன்டருக்காகக் குரல் கொடுக்க இன்னொரு நாடு இல்லை என்பதும் உதவியது. அவரைக் கேட்ட நாடே அவருடைய சொந்த நாடு. விருந்தினராக இருக்கும் உரிமை எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு எளிதாகப் பறிபோகும் என்பதைச் சுற்றுலா நாடுகளை நம்பி ஒளிந்திருப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இதே வலையின் இன்னொரு முனையும் தாய்லாந்தில்தான் அதே செப்டம்பரில் இழுக்கப்பட்டது. வட கொரியாவில் உற்பத்தியான மெத்தம்பெட்டமைனை 100 கிலோ அளவில் அமெரிக்காவுக்கு அனுப்பத் திட்டமிட்டதாக ஐந்து பேர் கைதானார்கள். பிரிட்டானியர் இருவர், ஹாங்காங்கை மையமாகக் கொண்ட ஒரு குற்றக் குழுவின் ஆட்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட இருவர், பாங்காக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் கும்பலின் பொறுப்பாளராக இருந்த ஒருவர். 2012இல் லெ ரூவின் நிறுவனம் இந்த ஹாங்காங் குழுவிடமிருந்து ஏற்கனவே 30 கிலோவுக்கு மேல் வாங்கியிருந்தது. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் கைப்பற்றப்பட்ட அந்தச் சரக்கின் தூய்மை 96 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. நவம்பரில் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்ட இந்த ஐவரும் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

தண்டனைகள்

ஹன்டர் கொலைச் சதி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி லாரா டெய்லர் ஸ்வெய்ன் 2016 மே மாதத்தில் அவருக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தார். லைபீரியாவில் பிடிபட்ட வாம்வாக்கியாஸுக்கும் கோகலுக்கும் தலா 20 ஆண்டு.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு கெட்டிக்காரத்தனமான பொறி என்ற அளவில் நின்றிருக்கும். ஆனால் தாய்லாந்தில் பதிவான பேச்சுகளில் ஓர் உண்மையான சாவு இருந்தது. 2012 பிப்ரவரியில் மணிலாவுக்கு அருகே, வீடு நிலம் விற்றுக்கொடுக்கும் தரகரான ஒரு பெண், வாங்க வந்தவர்களாக நடித்த இருவரால் வேனுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டு, குப்பைக் குவியல் ஒன்றின் மேல் வீசப்பட்டிருந்தார். தன் பணத்தைத் திருடியதாக லெ ரூ அவர்மீது சந்தேகப்பட்டார். ஆள் ஏற்பாடு செய்தது ஹன்டர். சுட வந்தவர்கள் வட கரோலினாவின் ராக்ஸ்பரோ என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆடம் சாமியா, கார்ல் டேவிட் ஸ்டில்வெல். தலைக்கு 35,000 டாலர் கூலி. இருவரும் 2015 ஜூலையில் சொந்த ஊரிலேயே கைதாயினர். மூவரும் 2018 ஏப்ரலில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டு, ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 10 ஆண்டும் பெற்றனர். கூட்டாளியின் வாக்குமூலத்தைப் பெயரை மறைத்துச் சான்றாகக் காட்டியது சரியா என்ற சாமியாவின் முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜூன் 23 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது தள்ளுபடியானது.

இந்த வழக்கில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அப்ரூவர் முறையின் வழக்கமான நியாயம், சிறிய மீனை விட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது. இங்கே பெரிய மீன்தான் முதலில் கையில் விழுந்தது. அதைத் தூண்டில் புழுவாக்கி அதற்குக் கீழே இருந்தவர்களைப் பிடித்தார்கள். வட கொரியச் சரக்கின் வழியையும், ஈரானுக்குப் போன ஆயுதத் தொழில்நுட்பத்தையும் அறிய வேறு வழி இல்லை என்பது அரசின் தரப்பு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பல கொலைகளில் தன் பங்கை ஒப்புக்கொண்ட லெ ரூ, அவற்றுக்காகக் குற்றம் சாட்டப்படவே இல்லை. போதைப்பொருள், ஈரான் விற்பனை உள்ளிட்ட குற்றங்களுக்காக நீதிபதி ரோனி ஏப்ரம்ஸ் 2020 ஜூனில் அவருக்கு விதித்தது 25 ஆண்டு. உத்தரவு போட்டவருக்கு விடுதலைத் தேதி உண்டு. உத்தரவை நிறைவேற்றியவர்களுக்கு இல்லை.

2018 வசந்த காலத்தில், மன்ஹாட்டன் நீதிமன்ற அறையில், ஹன்டர் குற்றம் சாட்டப்பட்டவர்களின் மேசையில் உட்கார்ந்திருக்க, சாட்சி மேடையில் ஏறி அமர்ந்தவர் லெ ரூ. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தன் ஆட்களுக்கு ஹன்டர் தொழில் சொல்லிக்கொடுத்த அந்தப் பதிவுகளை, அதே அறையில், ஜூரிகள் கேட்டார்கள்.